பொறுப்பல்ல என்று போர்டு மாட்டினால் பொறுப்பு போய்விடுமா? சீசன் விபத்துகளும் சட்டமும்

ஏப்ரல் 16, 2025. வாசகர் கேள்வி, நோர்வூட் பக்கமிருந்து:

"எங்கள் அக்கா மகனுக்குப் பத்து வயது. புதுவருடத்துக்கு மறுநாள் ஏப்ரல் சீசன் கொண்டாட்டம் பார்க்க நுவரெலியாவுக்குப் போனோம். தற்காலிகமாகப் போட்டிருந்த கார்னிவல் ஒன்றில் காற்றடைத்த பெரிய சறுக்கில் ஏறினான். மேலே பிள்ளைகள் நிற்கும்போதே காற்று ஊதும் மோட்டர் நின்று முழுச் சறுக்கும் சரிந்தது. இவன் ஓரத்தால் விழுந்து இடது கை முறிந்துவிட்டது. கேட்கப் போனால் வாசல் போர்டைக் காட்டுகிறார்கள். விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று சிங்களத்திலும் இங்கிலிஷிலும் எழுதியிருக்கிறதாம். டிக்கட்டுக்குப் பின்னாலும் அதுவே. ஐயாயிரம் ரூபாயைக் கையில் வைத்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். மச்சான் இன்னும் போடவில்லை. போர்டு இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?"

ஏப்ரல் 16, இரவு

உண்மையில்லை. கையெழுத்துப் போட வேண்டாம் என்று மச்சானிடம் இப்போதே சொல்லுங்கள் தம்பி. மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நான் சட்டத்தரணி இல்லை. லோயர் கந்தோர் ஒன்றில் வழக்குக் கோவைகளோடு நாள் முழுக்க இருக்கிறவன். இந்த மாதிரி ஆட்கள் எங்களிடம் வருவது பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்த வாசகங்கள் பற்றியது. தொழில் நடத்துகிறவருடைய கவலையீனத்தால் ஒருவர் செத்தாலோ காயப்பட்டாலோ, அந்தப் பொறுப்பை ஒப்பந்த வாசகத்தாலோ பொது அறிவித்தலாலோ அவர் கழற்றிவிட முடியாது என்பது அதில் உள்ள விதி. வாசல் போர்டும் டிக்கட்டின் பின்பக்கமும் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகின்றன. போர்டு மாட்டுகிறவர்களில் பலருக்கு இது தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் மாட்டுகிறார்கள்.

ஆனால் அந்தத் தாள் வேறு விஷயம். "இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் முடிந்தன" என்று எழுதிய தாளில் பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்து வைத்தால் அது சமரசம். அதை உடைப்பது பெரிய வேலை. போர்டுக்குப் பயப்படத் தேவையில்லை, தாளுக்குப் பயப்பட வேண்டும்.

நாளைக்கே பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் டயக்னோசிஸ் காட்டை, அதாவது காயத்தையும் வைத்தியத்தையும் எழுதித் தரும் அட்டையை, வாங்கும்போது "விழுந்து காயம்" என்று மட்டும் இருக்கிறதா, எங்கே எப்படி விழுந்தான் என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வார்டிலேயே டொக்டரிடம் சொல்லி எழுதுவியுங்கள்.

ஏப்ரல் 17

ஒன்று விட்டுப்போனது. சீசன் சாமான்கள் மாதக் கடைசியில் லொறி ஏறிவிடும். இந்த வாரமே போய் மோட்டர், அதற்குக் கரண்ட் வரும் ஜெனரேட்டர், சறுக்கைத் தரையோடு கட்டிய ஆணிகள், கயிறுகள், அந்தப் போர்டு எல்லாவற்றையும் போனில் படமெடுங்கள். ஜெனரேட்டரில் ஒட்டியிருக்கும் கடைப் பெயரும் லொறி நம்பரும் படத்தில் விழட்டும். டிக்கட் கொடுத்தவர் யார், மைதானத்தை வாடகைக்கு விட்டது யார் என்று பக்கத்துக் கச்சான் கடைக்காரரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

ஏப்ரல் 18

ஒரு அண்ணன் காரமாக எழுதியிருக்கிறார்: பிள்ளையைச் சறுக்கில் ஏற்றிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு நின்ற பெற்றோரின் பிழைக்கு அடுத்தவனிடம் காசு கேட்பது என்ன நியாயம்?

தாய் போனைப் பார்த்தாளா என்று இங்கே யாருக்கும் தெரியாது. பார்த்தாள் என்றே வைத்துக்கொள்வோம். மோட்டர் நின்றதற்கும் போனுக்கும் என்ன தொடர்பு?

நம் நாட்டில் இந்த விஷயத்தில் ஓடுவது ஒல்லாந்தர் காலத்தில் வந்த உரோம-டச்சுச் சட்டம். அதற்கு மேலே இங்கிலாந்து வழக்குகளின் செல்வாக்கும் நிறைய. இதே சட்டத்தை வைத்திருக்கிற தென்னாபிரிக்காவில் 1966இல் வகுத்த ஒரு சோதனை உண்டு. நிதானமான ஒரு மனிதன் அந்த இடத்தில் இருந்திருந்தால் இப்படி ஒரு தீங்கு வரலாம் என்று முன்கூட்டி நினைத்திருப்பானா? நினைத்திருந்தால் தடுக்க நியாயமான ஏதாவது செய்திருப்பானா? இந்த ஆள் அதைச் செய்தானா? மூன்று கேள்விதான். சறுக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். காற்று ஊதிக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும். ஜெனரேட்டரில் எண்ணெய் தீர்ந்தால் சரியும் என்பது அதை வாங்கியவனுக்கு முதல் நாளே தெரியும். டாங்கியைப் பார்க்க ஒரு ஆள், மோட்டர் சத்தம் மாறினால் பிள்ளைகளை இறக்க ஒரு ஆள். இதற்கு எவ்வளவு செலவு?

காயப்பட்டவர் பக்கத்திலும் பிழை இருந்தால் முழு வழக்கும் செத்துப்போகும் காலம் ஒன்று இருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, இரு பக்கப் பிழையையும் பங்கு பிரித்து அந்த அளவுக்கு நட்டஈட்டைக் குறைப்பார்கள். கதவை மூடமாட்டார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ நகரப் பூங்காவில் பழம் பழுத்திருந்த விஷச் செடி ஒன்றைத் தின்று ஏழு வயதுப் பையன் செத்துப்போனான். வேலி இல்லை, எச்சரிக்கை இல்லை. பிள்ளையை இழுக்கிற அழகோடு ஆபத்தை வைத்திருந்தால் பெரியவனுக்குக் காட்டும் கவனம் போதாது என்று 1922இல் பிரபுக்கள் சபை சொன்னது, அன்றைக்கு பிரித்தானியாவின் கடைசி மேன்முறையீடு அங்கேதான். கலர் கலராக ஒரு சறுக்கைக் கட்டி, பாட்டுப் போட்டு, பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டு, அவன் ஏறியது அவன் பிழை என்று சொல்ல முடியாது அண்ணே.

ஏப்ரல் 21

இன்றைக்கு ஒரு வருடம். போன வருடம் இதே நாளில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் கார் ஓட்டப் போட்டியில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் செத்தார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு 8 வயது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் காயம். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்துச் சனங்களுக்கு அது சோறு கட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிற விழா.

அந்த விபத்தில் யார் குற்றவாளி என்று நான் எழுதப் போவதில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. பார்வையாளர் என்ற ஆளைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். கார் ஓட்டுகிறவனுக்கு ஆபத்து தெரியும், தெரிந்து ஏறுகிறான், தலைக்கவசம் போடுகிறான். மண் திட்டில் குடையோடு உட்கார்ந்திருக்கும் ஆச்சி எந்த ஆபத்துக்கும் சம்மதம் கொடுக்கவில்லை. அவள் எங்கே உட்காரலாம் என்பதை ஏற்பாட்டாளர்தான் தீர்மானிக்கிறார். எந்த வளைவில் வண்டி வெளியே போகும் என்பது பந்தயம் நடத்துகிறவர்களுக்குத் தெரிந்த விஷயம். மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்தைத் தேயிலைக்குள் நின்று பார்த்திருக்கிறேன். நல்ல இடம் என்று நாங்கள் ஓடிப்போய்ப் பிடித்ததெல்லாம் வளைவின் வெளிப்பக்கம். எங்களுக்கு அது நன்றாகத் தெரிகிற இடம், அவ்வளவுதான். அங்கே ஆளை விடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டியவர் கயிறு கட்டுகிறவர்.

இதையும் கேட்டிருக்கிறார்கள்: பொலிஸ் கேஸ் நடக்கும்போது நட்டஈட்டு வழக்கு போடலாமா? போடலாம். தண்டனைச் சட்டக்கோவை 298ஆம் பிரிவு கவலையீனத்தால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்து வருடம் வரை சிறை வைக்கிறது. அது அரசு நடத்தும் வழக்கு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். நட்டஈடு மாவட்ட நீதிமன்றத்தில் நாம் போடும் வழக்கு, இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும். ஒன்று தோற்றால் மற்றது தோற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பொலிஸ் கேஸ் முடியட்டும் என்று காத்திருந்து காலத்தைத் தொலைத்தவர்கள் எத்தனை பேரின் கோவையை நான் தூசு தட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 24

போட் பற்றி ஒரு தங்கச்சி கேட்டிருந்தாள். வாவியில் போட் ஏறும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எனக்குத் தெரிந்த விஷயம் இது. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த சீசனில் வாவியொன்றில் மிதிபோட் தள்ளிவிடும் வேலை செய்தேன். எது, யாருடையது என்று சொல்லப் போவதில்லை. சீசன் நாளில் காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கும். லைஃப் ஜாக்கெட்டுகள் ஒரு மரப்பெட்டியில் கிடக்கும், முதல் நாள் ஈரம் காயாமல். பாதிக்கு பிளாஸ்டிக் பூட்டு உடைந்திருக்கும், நைலோன் கயிற்றால் முடிச்சுப் போடுவோம். எல்லாம் பெரியவர்கள் அளவு. பிள்ளைக்கு மாட்டினால் முழங்கால் வரைக்கும் தொங்கும். பார்க்கிற தாய்க்கு மனது நிறைந்துவிடும், ஜாக்கெட் போட்டாயிற்றே என்று.

ஒரு பின்னேரம் மிதப்புப் பலகைக்கும் போட்டுக்கும் இடையில் ஒரு சின்னப் பெண் வழுக்கி விழுந்தாள். ஜாக்கெட் மிதந்தது. பிள்ளை அதற்குள்ளால் கீழே போய்விட்டாள். காது வரைக்கும் ஜாக்கெட், அதற்குக் கீழே தண்ணீருக்குள் முகம். எங்களோடு வேலை செய்த வயதான ஒருவர் குனிந்து தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். பிள்ளை இருமி அழுதாள், பிழைத்தாள். முதலாளி தாய்க்குத் தேத்தண்ணீர் கொடுத்து, இன்னொரு சுற்றுச் சும்மா போகச் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி எழுதவில்லை. அடுத்த நாளும் அதே பெட்டி, அதே ஜாக்கெட்.

தங்கச்சி, பார்க்க வேண்டியது இதுதான். மாட்டிப் பூட்டிய பிறகு தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுங்கள். நாடியைத் தாண்டி வந்தால் அந்த ஜாக்கெட் அந்தப் பிள்ளைக்கு உதவாது. கால்களுக்கிடையில் போகும் பட்டி இருந்தால் கட்டாயம் கட்டுங்கள். ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏப்ரலிலும் குளிர். விழுந்தவுடன் மூச்சு இறுகும், நீந்தத் தெரிந்தவனுக்கும்.

சட்டத்துக்கு வருகிறேன். இப்படித் தப்பிப் பிழைத்த சம்பவம் ஒவ்வொன்றும் பிறகு வரப்போகும் வழக்கில் சாட்சி. "இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை" என்று முதலாளி சொல்லும்போது, போன சீசனில் ஒரு பிள்ளை இதே மாதிரி விழுந்தது என்று ஒருவர் வந்து சொன்னால், முன்பு சொன்ன மூன்றில் முதல் கேள்வி, தீங்கை முன்கூட்டி நினைத்திருப்பானா என்பது, அங்கேயே முடிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாலும் எழுத்தில் ஒரு முறைப்பாடு கொடுங்கள். நகரசபைக்குக் கொடுங்கள், சுற்றுலா அதிகாரசபைக்குக் கொடுங்கள். பிரதியை வைத்திருங்கள். நமக்கு உதவாவிட்டாலும் அடுத்த வருடம் வரும் பிள்ளைக்கு உதவும்.

மே 2

அருவிகள் பற்றி மூன்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். இராவணன் எல்ல, தியலும, டெவன். அங்கே விழுந்தால் யாரைப் பிடிப்பது?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இதுவரை எழுதியதைப் பார்த்தால் எங்கே விழுந்தாலும் யாராவது காசு தர வேண்டும் என்று நான் சொல்வதுபோல் சிலருக்குத் தோன்றியிருக்கிறது. அப்படி இல்லை.

இங்கிலாந்தில் செஷயரில் நகரசபையின் பூங்கா ஒன்றில் பழைய மணல் குழி ஏரியாகியிருந்தது. "ஆபத்தான நீர், நீந்தக்கூடாது" என்று போர்டு. 1995இல் 18 வயது இளைஞன் ஒருவன் ஆழமில்லாத இடத்தில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்து முறிந்து வாழ்நாள் முழுக்க முடமானான். 2003இல் பிரபுக்கள் சபை நகரசபைக்குப் பொறுப்பில்லை என்றது. தண்ணீரில் மறைந்திருந்த பொறி எதுவும் இல்லை, தலைகீழாகப் பாய்ந்தால் அடிபடும் என்பது வளர்ந்தவனுக்குத் தெரியும், ஒரு சிலர் கவனமில்லாமல் பாய்வதற்காக எல்லோருடைய கரையையும் மூட வேண்டியதில்லை என்று. எனக்கு இந்தத் தீர்ப்பு மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் பிழை என்று சொல்ல முடியவில்லை. அருவியை வேலி போட்டு மூடினால் நாம் எங்கே போவது?

மறுபக்கம் 2015இல் தென்னாபிரிக்க உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தனியார் மலை ஒன்றுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைப் பனி பார்க்க விட்டார்கள். ஒருவர் உறைபனியில் சறுக்கி, கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாத செங்குத்துப் பள்ளத்தில் விழுந்து செத்தார். நகரத்திலிருந்து வருகிறவனுக்கு அந்தச் சரிவு எவ்வளவு வழுக்கும், எங்கே முடியும் என்று தெரியாது, உங்களுக்குத் தெரியும், ஒரு எச்சரிக்கைக்கு அதிகம் செலவில்லை என்றது நீதிமன்றம். குடும்பம் வென்றது. நம் சட்டத்தின் கிளைதான் அது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கோடு எங்கே என்று தெரிகிறது. ஆபத்து கண்ணெதிரே இருந்து, வளர்ந்தவர் தெரிந்தே போனால் அவர் பாடு. ஆபத்து மறைந்திருந்து, இடத்தை வைத்திருப்பவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவர் வாயைத் திறக்க வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்து விளிம்பில் பள்ளத்தை எல்லோரும் பார்க்கிறோம். 2015இல் ஒல்லாந்துப் புது மாப்பிள்ளை ஒருவர் மனைவியைப் படமெடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்து, சுமார் 40 மீட்டர் கீழே மரத்தில் தங்கி உயிர் தப்பினார். அவருக்கும் பள்ளம் தெரிந்துதான் இருந்தது. அருவிக் குளம் வேறு. மேலே எங்கேயோ மலையில் மழை பெய்து, இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் திடீரென்று ஏறும். தோட்டத்து ஆட்களுக்கு அறிகுறி தெரியும். தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கனக்கும், உடனே கரைக்கு ஏறிவிடுவோம். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வது? குளிக்கக் காசு வாங்குகிறவர், அருவியைக் காட்டி ரூம் வாடகைக்கு விடுகிறவர் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். வான்கதவு திறக்கும் ஆறுகளில் சைரன் ஊதுகிறார்கள். காசு வாங்குகிற அருவியில் ஒரு விசில்காரனை நிறுத்த முடியாதா?

மே 3

போர்டு எந்த மொழியில் என்பதைப் பற்றி நேற்று எழுத மறந்துவிட்டேன். எச்சரிக்கை என்றால் அது ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில், தமிழ்ப் பிள்ளைகள் லொறி லொறியாக வந்து இறங்கும் இடத்தில், சிங்களத்திலும் இங்கிலிஷிலும் மட்டும் போர்டு வைத்துவிட்டு "எச்சரித்தோமே" என்று சொன்னால் யாரை எச்சரித்தார்கள்? தமிழும் அரச கரும மொழி. படமாவது போட்டிருக்கலாம். மொழி தெரியாததால் செத்தான் என்று எந்த மரணப் பத்திரத்திலும் எழுதமாட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு ஆறாது.

மே 19

கையெழுத்துப் போட்டுத்தான் ராப்டிங், அதாவது ஆற்றில் ரப்பர் படகோட்டம், போகிறோம், அந்தப் பேப்பர் செல்லுமா என்று கித்துள்கலை போகிற குழு ஒன்று கேட்கிறது. பாறையில் மோதிப் படகு கவிழலாம் என்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக அது காட்டும். வெடித்த ஹெல்மெட்டையும் தூங்கி வழிகிற வழிகாட்டியையும் நீங்கள் ஏற்றுக்கொண்டதாக அது காட்டாது. மேலே சொன்ன 1997 சட்டம் இதற்கும்தான்.

அடுத்தது கனமான கேள்வி. பிள்ளை செத்துவிட்டால் தாய்தகப்பனுக்கு என்ன கிடைக்கும்?

நீண்ட காலம் பதில் மிகவும் கொடுமையாக இருந்தது. பழைய சட்டத்தில் மரணத்துக்கான நட்டஈடு பணநட்டத்துக்குத்தான். சம்பாதிக்கிறவன் செத்தால் அவன் வருமானத்தை நம்பியிருந்தவர்கள் கேட்கலாம். சின்னப் பிள்ளைக்கு வருமானம் ஏது? பெற்ற வயிற்றின் துக்கத்துக்கு விலை இல்லை என்று சட்டம் சொன்னது. வைத்தியக் கவலையீன வழக்கொன்றில் 2001இல் உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மாவட்ட நீதிமன்றம் கொடுத்த ஐம்பது லட்சம், மேன்முறையீட்டில் இரண்டரை லட்சமாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போனது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம்தான் இதை மாற்றியது. ஒருவருடைய பிழையால் நேர்ந்த மரணத்துக்கு, குடும்பத்தார் தங்கள் மனத்துயருக்கும் இழந்த அன்புக்கும் துணைக்கும் நட்டஈடு கேட்கலாம். பிள்ளையை இழந்த வீட்டுக்கு யாராவது கவரோடு வந்து "சட்டப்படி உங்களுக்கு ஒன்றும் இல்லை, இது நாங்கள் மனமிரங்கித் தருவது" என்று சொன்னால், அவர் பழைய சட்டத்தைச் சொல்கிறார். தோட்டத்தில் செத்தவீட்டுக்குப் போகிறவர்கள், தலைவர்மார், கோயில் கமிட்டி, எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். செத்த வீட்டின் அந்த எட்டு நாளுக்குள்தான் கையெழுத்துக் கேட்கும் தாள் வரும்.

ஜூன் 9

அவுஸ்திரேலியாவிலிருந்து செய்தி வந்திருக்கிறது, நம் சறுக்கு விஷயத்தோடு நேரடித் தொடர்பு. 2021 டிசம்பரில் டாஸ்மேனியாவில் டெவன்போர்ட் பள்ளிக்கூட விழாவில் காற்றடைத்த கோட்டை காற்றில் பறந்து 6 பிள்ளைகள் செத்தார்கள். அதைப் போட்டவர் மீதான வேலைப்பாதுகாப்பு வழக்கில் இம்மாதம் 6ஆம் திகதி குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு. தரையில் கட்டியதில் குறை இருந்தது. ஆனால் அன்றைக்கு எழுந்தது யாரும் எதிர்பார்க்க முடியாத சுழல்காற்று, ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் தடுத்திருக்க முடியாது என்பது நீதவானின் முடிவு.

படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெற்றவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து இதைக் கேட்டிருப்பார்கள். இருந்தாலும் சட்டத்தில் இந்தப் படி ஒன்று உண்டு என்பதை நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிழை இருந்தது என்று காட்டினால் போதாது, அந்தப் பிழையால்தான் காயம் வந்தது என்றும் காட்ட வேண்டும். மேலே சொன்ன 2001 வழக்கு இந்தப் படியிலும் சறுக்கியது. இங்கிலாந்தில் ஹார்லோவில் 2016இல் இதே மாதிரி ஒரு கோட்டை பறந்து 7 வயதுப் பெண்பிள்ளை செத்தபோது, பலத்த காற்றைக் கவனிக்காமல் நடத்திய இரண்டு பேரை 2018இல் சிறைக்கு அனுப்பினார்கள். ஒரே மாதிரிச் சாமான், இரண்டு முடிவு. அங்கே காற்று வீசுவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்தச் சாமானுக்கு இங்கிலாந்தில் வைத்திருக்கிற தரத்தில் ஆகக் குறைந்தது ஆறு இடத்தில் தரையோடு கட்ட வேண்டும், மணிக்கு 38 கிலோமீற்றருக்கு மேல் காற்று வீசினால் இறக்கிவிட வேண்டும். நுவரெலியாவில் பின்னேரக் காற்றைத் தெரிந்தவர்கள் எண்ணிப் பாருங்கள்.

தம்பியின் வழக்கில் காற்று இல்லை, மோட்டர்தான். ஏன் நின்றது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணெய் தீர்ந்ததா, வயர் கழன்றதா? பக்கத்தில் நின்றவர்களில் யாராவது "ஐயோ பெட்ரோல் முடிஞ்சு" என்று கத்தியதைக் கேட்டவர் இருந்தால் அந்த ஒரு வசனம் போதும்.

ஜூன் 10

கேட்டவர் இருக்கிறாராம். கூட வந்த பெரியம்மா மகன். நல்லது. அவருடைய வாக்குமூலத்தை இப்போதே எழுதி வையுங்கள், திகதி போட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே.

ஜூலை 14

தம்பி புதிய விவரம் எழுதியிருக்கிறார். சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் போனது. கார்னிவல்காரர் சறுக்கு தன்னுடையது இல்லை என்கிறார், சறுக்குக்காரர் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தது என்கிறார், ஜெனரேட்டர்காரர் எண்ணெய் ஊற்றுவது தன் வேலையில்லை என்கிறார். இது எல்லாக் கோவையிலும் நடக்கிறது. பதில் ஒன்றுதான், மூன்று பேரையும் சேருங்கள். 1968 சட்டம் கூட்டாகத் தீங்கு செய்தவர்களைப் பற்றியதும்தான். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். டிக்கட் விற்றவரை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிள்ளையைக் கூப்பிட்டவர் அவர்.

மைதானம் உள்ளூராட்சிச் சபைக்குச் சொந்தமானால் அதற்கு முன்கூட்டி எழுத்து அறிவித்தல் கொடுக்க வேண்டும், காலமும் குறுகியது. உடனே சட்டத்தரணியிடம் கேளுங்கள். அரச திணைக்களம் என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத அறிவித்தல். அரசு மீது வழக்கே போட முடியாது என்று சொல்கிறவர்கள் 1969க்கு முந்திய கதையைச் சொல்கிறார்கள்.

பொதுவான காலக்கெடு இரண்டு வருடம், 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. பிள்ளை வயது வராதவன் என்றால் சலுகை உண்டு, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். சாட்சிக்கு வயது வராத சலுகை கிடையாது, அவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுவார். தொகை சிறியதென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரும். அங்கே இணங்காவிட்டால் அதற்கான சான்றிதழோடு நீதிமன்றம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் கந்தோரை விசாரியுங்கள்.

கணக்கு எழுதும்போது "அரசாங்க ஆஸ்பத்திரி, செலவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்குக்கு வான் பிடித்த காசு, அக்கா கொழுந்து மலைக்கு வேலைக்குப் போகாத நாட்கள், அரைப் பேர், அதாவது அரைச் சம்பளம், விழுந்த நாட்கள், எல்லாம் கணக்கு. தோட்டத்துச் செக்ரோலில், அந்த வேலைநாள் பதிவுப் புத்தகத்தில், அது அப்படியே இருக்கும். தோட்டக் கந்தோரில் கிளாக்கரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். நீதிமன்றத்தில் இவ்வளவு நல்ல சம்பளச் சாட்சி டவுன் ஆட்களுக்கே கிடைக்காது.

ஆகஸ்ட் 11

பொகவந்தலாவையிலிருந்து ஒரு அக்கா: "என் மகன் சீசனில் மட்டக்குதிரை பிடிக்கிற வேலை. சவாரி முடிந்து இறக்கும்போது குதிரை உதைத்து முழங்கால் சில்லு போய்விட்டது. வந்தவர்களுக்குத்தானே நீங்கள் எழுதுகிறீர்கள், வேலை செய்கிற பிள்ளைக்கு ஒன்றும் இல்லையா? லெட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை."

இருக்கிறது அக்கா. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது, ஏனென்றால் சீசன் நடப்பதே நம் பிள்ளைகளின் முதுகில். போட் தள்ளுகிறவன், குதிரை பிடிக்கிறவன், சறுக்குக்குக் காவல் நிற்கிறவன், எல்லோரும் லயத்துப் பையன்கள். வேலையாட்களுக்கான நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். வேலை செய்யும்போது வேலையால் வந்த காயம் என்றால் போதும், முதலாளியின் பிழையைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. வேலையாள் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும், நுவரெலியா தொழிற் கந்தோரில் வழி சொல்வார்கள். நியமனக் கடிதம் இல்லை என்பது தடையில்லை, வாய்ப்பேச்சில் வேலைக்கு வைத்தாலும் வேலைதான்.

அதைக் காட்டத்தான் சாட்சி வேண்டும். சம்பளம் போனில் அனுப்பினார்களா, பாங்குக்குப் போட்டார்களா, "நாளைக்கு ஏழு மணிக்கு வா" என்று முதலாளி அனுப்பிய மெசேஜ் இருக்கிறதா என்று மகனின் போனைப் பாருங்கள், எதையும் அழிக்க வேண்டாம். முழங்காலுக்கு வார்டில் இருந்தபோது வைத்தியத்தைப் பதிந்த பெட் ஹெட் டிக்கட்டின் பிரதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுங்கள். கூட வேலை செய்த பையன்கள் இந்த ஆகஸ்ட் லீவு முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். அதற்கு முதல் இரண்டு பேருடைய முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் வாங்கி வையுங்கள்.